ஈரப் பக்கம்

துணி உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஓட்டல் விரிப்புகளை அள்ளி மேசையில் போட்ட மடிப்புக்காரி, உடனே ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். முந்தின நாள் கூடையைத் தூக்கியபோது பிடித்துக்கொண்ட இடுப்பு, இன்னும் விடவில்லை.

"என்னடி, நண்டு மாதிரி நடக்குற?" என்றாள் பக்கத்தில் தலையணை உறை மடித்துக்கொண்டிருந்த கட்டைக்குரல் அக்கா.

"சிரிக்க வைக்காதீங்கக்கா, சிரிச்சா இழுக்குது. டாக்டரம்மா சூடா ஒத்தடம் குடுன்னாங்க. மருந்துக்கடைக்காரர் மாத்திரையப் போடுன்றாரு. வீட்டுக்காரரு ஐஸ் வைன்றாரு. ஐஸ் வச்சா ஜன்னி வரும்னு மாமியார் கத்துறாங்க. யார் பேச்சைத்தான் கேக்குறது?"

"இடுப்பு ஒண்ணு, வைத்தியர் நாலு பேரா? இங்க வா."

இயந்திரத்திலிருந்து ஒரு துண்டை உருவி, நாலாக மடித்து, தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, அவள் இடுப்பில் கட்டிவிட்டாள் அக்கா. அங்கே எல்லோருக்கும் நடப்பதுதான். துண்டு ஆறினால் திரும்ப உள்ளே போகும். சூடாக வேறொன்று வரும். இறுக்கம் கொஞ்சம் இளகியது.

"அடடா, ஓட்டல் துண்டுல ஒத்தடமா?" சூப்பர்வைசர் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கிழித்தார். "இதப் போடும்மா. போட்டுட்டு வேலையப் பாரு. முடியலைன்னா வீட்டுக்குப் போ. வாசல் கேட்டுல ஆளுங்க வேலை கேட்டு நிக்கிறாங்க, அதையும் சொல்லிட்டேன்."

அவள் துண்டை அவிழ்த்துக் கொடுத்தாள், மாத்திரையை விழுங்கினாள். மதியத்துக்குள் வலி அடங்கிப்போயிற்று.

"வலிய அடக்குனது துண்டாக்கா, மாத்திரையா?"

"எனக்கென்னடி தெரியும்? ரெண்டும் கூடிப் பேசிக்கிச்சோ என்னவோ."

சூப்பர்வைசர் மறுபடி வந்தார். "இப்ப எப்படி?"

"வலி தெரியலைங்க."

"அப்ப ஈரப் பக்கம் போ. அங்க ஆள் குறையுது."

"தெரியலைன்னுதானே சொன்னா, போச்சுன்னா சொன்னா?" என்றாள் அக்கா.

"அவளே சொல்றா. உனக்கென்ன?"

மடிப்புக்காரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். இரண்டு பேர் சொல்வதும் சரி என்றே பட்டது. ஈரப் பக்கம் போனாள்.

தரையெல்லாம் தண்ணீர். துவைக்கும் இயந்திரத்துக்குள் விரிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறாகக் கிடந்தன. தலையை உள்ளே விட்டு, நுனியைப் பிடித்து, தம் கட்டி இழுத்தாள்.

"ஐயோ! நிமிர முடியலைக்கா!" இரும்புத் தொட்டிக்குள் அவள் குரல் முழங்கியது.

அக்கா சூடான துண்டோடு ஓடிவந்தாள். சூப்பர்வைசர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கேட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

கேட்டிலிருந்து வந்த பெண் செருப்பை ஓரமாக விட்டாள். குனிந்திருந்த முதுகுக்கு மேலாகக் கையை நீட்டி, விரிப்பைப் பிடித்து இழுத்தாள். மடிப்புக்காரியின் பிடரியில் தண்ணீர் சொட்டியது.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாக்கா?" என்றாள் வந்தவள், மெதுவாக.