அலிபிரி மொட்டை

நாராயணசாமி சித்தூர் ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலையில் செத்தான். கொழும்பில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை பார்த்தவன். லீவில் வந்த இடத்தில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. தம்பி கோவர்த்தனன் அங்கேயே ஆற்றங்கரையில் கொள்ளி வைத்தான். தலை மழிக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றான். அப்போதே அவனுக்கு யோசனை வந்துவிட்டது.

இலங்கையில் புது ஆளுக்குப் பர்மிட் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பழைய ஆள் மட்டும் திரும்பிப் போகலாம். அண்ணனின் பர்மிட்டுக்கு இன்னும் காலம் இருந்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் போலீஸ் வீடு தேடி வந்து விசாரிக்கும். அந்த நேரத்தில் ஒரு நாராயணசாமி வீட்டில் இருந்தால் போதும். கடை முதலாளி, வேலைக்குக் கை வேண்டும், முகம் எதுவாக இருந்தாலும் சரி என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பழைய ஏட்டாக இருந்திருந்தால் நடக்காது. அவருக்கு இரண்டு பேரையும் தெரியும். ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது அவர் மெட்ராஸ் பக்கம் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். வந்திருப்பவர் குண்டூர்க்காரர். நாராயணவனத்துக்கு வெளியே, வயலுக்கு நடுவில் இருக்கும் இந்த வீட்டை அவர் பார்த்ததே இல்லை.

அண்ணன் பெண்டாட்டி செங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். மழை பொய்த்துக் கிணற்றில் சேறுதான் கிடந்தது. அவள் மறுக்கவில்லை. பொட்டை அழிக்கவில்லை, வளையலை உடைக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. அழுதால் பக்கத்து வயலுக்குக் கேட்கும் என்று அழவும் இல்லை. கேட்டவர்களிடம் அவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னாள்.

பதினாறாம் நாள் வந்து போனது. காரியம் செய்யவில்லை. அதற்கப்புறம்தான் செம்பில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. நாராயணசாமி குடித்த செம்பு. அவள் தினமும் நிரப்பி மூலையில் வைப்பாள். விடிந்து பார்த்தால் பாதிதான் இருக்கும்.

"பூனை குடிச்சிருக்கும்" என்றான் கோவர்த்தனன்.

"மூடி போட்டு வச்சேன். பூனை குடிச்சிட்டுத் திரும்ப மூடிச்சா?"

அவன் மூடியைத் திறந்து பார்த்தான்.

"அவரு தாகத்துக்கு வர்றாரு. காரியம் அப்புறம் செய். மொட்டையாச்சும் போட்டுக்கோ. அப்பதான் நீ ஊத்தற தண்ணி அவருக்குச் சேரும்."

"பாஸ்போர்ட் போட்டோவுல அண்ணன் அம்மாம் முடி வச்சிக்கினு நிக்கிறான். நான் மொட்டையா நின்னா, எவன் செத்தான்னு கேட்டுக்கினு போலீஸ்காரன் நேரா ஆஸ்பத்திரிக்கே போயிடுவான்."

"திருப்பதியில எல்லாரும் மொட்டைதான். எவன் கேக்கறான்?"

இது அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

மறுநாள் இருவரும் பஸ் ஏறினார்கள். தீட்டோடு மலை ஏறக் கூடாது. அதை மட்டும் மீற இருவருக்கும் துணிச்சல் இல்லை. அலிபிரியில், படி தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், மரத்தடியில் ஒரு நாவிதர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

"மேல போய்க் குடுக்காம இங்கயே என்னா அவசரம்?"

"காலு வலி."

"சாமிக்கிட்டயே காலு வலியா? சரி, ஒக்காரு. மொக்குதானே?"

வேண்டுதலா என்று கேட்கிறார். இல்லை என்றால் அடுத்த கேள்வி வரும். கோவர்த்தனன் செங்கம்மாவைப் பார்க்காமல், "ஆமா, மொக்குதான்" என்றான்.

"கோவிந்தா சொல்லு."

சொன்னான். கத்தி இறங்கியது. முடிந்ததும் நாவிதர் அவன் மண்டை முழுக்கச் சந்தனம் பூசினார். சாவுக்கு எடுத்த மொட்டைக்கு யாரும் சந்தனம் பூசுவதில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் செங்கம்மா சொன்னாள்: "முடி சாமிக்குப் போச்சு. அவருக்கு ஒண்ணும் போகல."

"மனசுல அண்ணனைத்தான் நெனச்சேன்."

"வாயி வேற சொல்லிச்சே."

அந்த வாரமே ஏட்டு வந்தார். கோவர்த்தனன் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

"நாராயணசாமி!"

தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அவனுக்கு உடனே உறைக்கவில்லை. உறைத்து வாயைத் திறப்பதற்குள், "ஆங், வந்துட்டேன்" என்று ஒரு குரல் போனது. அவன் வைக்கோலைப் போட்டுவிட்டு முன்பக்கம் ஓடினான்.

ஏட்டு போட்டோவைப் பார்த்தார். அவன் தலையைப் பார்த்தார்.

"ஜுட்டு ஏதி? முடி எங்க?"

செங்கம்மாவின் கை தாலியைப் பிடித்துக்கொண்டது.

"திருப்பதி, சார்."

ஏட்டு தொப்பியைக் கழற்றினார். உள்ளே அரைகுறையாக முளைத்த மொட்டை. "நானு கூட! குண்டூருக்கு ட்ரான்ஸ்ஃபர் வேணும்னு மொக்கு. சாமி முடிய வாங்கிக்கினாரு, ஆர்டர் குடுக்கல." சிரித்தார். பிறகு போட்டோவின் நெற்றிக்கு மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துப் பார்த்தார். அண்ணன் தம்பிக்கு ஒரே மூக்கு, ஒரே காது. வித்தியாசம் முடியில்தான் இருந்தது. "சரிபோயிந்தி, பொருந்துது" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

செங்கம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உள்ள இருந்து நல்லாத்தான் கொரல் குடுத்த. அவரு கொரலு மாதிரியே இருந்திச்சி."

"நான் பின்னாடி இல்ல இருந்தேன்? வாயே தொறக்கல அண்ணி."

இருவரும் மூலையில் இருந்த செம்பைப் பார்த்தார்கள்.

பாஸ்போர்ட் வந்ததும் அவள் எள்ளும் பச்சரிசியும் வாங்கி வைத்தாள்.

"வேலை ஆயிடுச்சி. நீ போறதுக்குள்ள காரியத்த முடிச்சிடு. அவரு போவட்டும். நானும் இதக் கழட்டணும். கழுத்துல பொய்ய மாட்டிக்கினு எத்தினி நாளு சோறு துன்றது?"

கோவர்த்தனன் பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்திருந்தான். நிறைய முடியோடு அண்ணன் அவனைப் பார்த்தான்.

"இப்ப வேணாம், அண்ணி."

"எப்பதான்?"

"மண்டபம் கேம்புல பேர் கூப்பிடுவாங்க. தலைமன்னார்ல கூப்பிடுவாங்க. கடையில தெனமும் கூப்பிடுவாங்க." பாஸ்போர்ட்டை மூடினான். "இவன அனுப்பிட்டா அங்க எவன் பதில் சொல்லுவான்?"

செங்கம்மா அவனைத் திட்டவில்லை. எழுந்துபோய்ச் செம்பில் இருந்த தண்ணீரை வாசலில் கொட்டினாள். முந்தானையால் துடைத்தாள். அவனுடைய தகரப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த வேட்டிகளை விலக்கிவிட்டு, செம்பை மூடியோடு உள்ளே வைத்தாள்.

"தெனமும் நீயே ஊத்து" என்றாள்.