ஞாயிற்றுக்கிழமை வெயில்

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கல்லூரி மாடியிலிருந்த சோலார் தகடுகள் பாதி மின்சாரம்கூடத் தரவில்லை. சனிக்கிழமை அடித்த அதே வெயில்தான் அன்றும் அடித்தது. திங்கட்கிழமை எல்லாம் சரியாகிவிடும்.

இது எல்லோர் கண்ணிலும் பட்டதற்குக் காரணம் ஹம்ஸினி. கணினித் துறைக்குப் புதிதாக வந்த கல்லிடைக்குறிச்சிக்காரி. தகடுகள் தரும் மின்சாரத்தையும் கட்டடங்கள் செலவழிக்கும் மின்சாரத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் காட்டும் திரையொன்றை முன்வாசலில் மாட்டியிருந்தாள். அதுவரை பசுமை வளாகப் பொறுப்பு இயற்பியல் துறை குமரகுருபரனிடம் இருந்தது. திங்கட்கிழமைதோறும் மாடியேறி மீட்டரைப் பார்த்து எழுதி வருவார். யாரும் அதைக் கேட்டதில்லை. இப்போதோ பிள்ளைகள் திரைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். பொறுப்பும் அவளுக்குப் போயிற்று. அவர் பின்வாசல் வழியாக வரப் பழகிக்கொண்டார்.

ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் தில்லைநாயகம் கேட்டார்: "ஏம்மா, சூரியனுக்கும் ஞாயித்துக்கெழம லீவு விட்டுட்டியளா?"

எல்லோரும் சிரித்தார்கள். குமரகுருபரன் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். கல்லூரியின் தரம் பார்க்கும் மதிப்பீட்டுக் குழு வருவதற்குள் காரணம் தெரியாவிட்டால் பொறுப்பு பழையபடி குமரகுருபரனுக்கே என்றும் முதல்வர் சொன்னார்.

ஆக, குமரகுருபரன் சும்மா இருந்தாலே போதும். ஆனால் தப்பு அவள் எழுதிய கணினி நிரலில் இருந்தால் அதைத் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அடுத்த ஞாயிறு டவுணிலிருந்து பஸ் பிடித்து வந்து மாடியேறினார். தகடுகளில் தூசி இல்லை, நிழலும் விழவில்லை. மீட்டர் காட்டிய எண்ணும் திரை காட்டிய எண்ணும் ஒன்றாகவே இருந்தன. நிரலில் தப்பில்லை. வெயிலைவிட அதுதான் அவரைச் சுட்டது.

கீழே வந்து, இதுவரை தொடாத அந்தத் திரையில் பழைய மாதங்களின் வரைபடத்தைத் திறந்தார். குட்டையான ஞாயிறுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் உயரமாக நின்றது. அன்று கல்லூரியில் அரசுத் தேர்வு. அவரே ஓர் அறையில் மேற்பார்வைக்கு இருந்தார். வானம் மூடிக்கிடந்தது நினைவிருக்கிறது. எல்லா அறைகளிலும் ஃபேன் ஓடியதும் நினைவிருக்கிறது.

அப்படியானால் தகடுகள் வெயிலை மட்டும் பார்த்துத் தருவதில்லை, செலவையும் பார்க்கின்றன. கால்வாய் நிறையத் தண்ணீர் போனாலும் வயலுக்குத் தேவையான அளவுதானே மடையைத் திறப்பார்கள்? மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்தின் வெளிக் கம்பிக்கு அனுப்பக் கல்லூரிக்கு இன்னும் அனுமதி வரவில்லை. அதனால், வளாகத்தில் செலவு குறைந்தால் உற்பத்தியையும் அதே அளவுக்கு அடக்கிவிடும் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். ஞாயிறன்று வகுப்பில்லை, ஆய்வகமில்லை. கருவி மடையை அடைத்துவிடுகிறது.

கண்டுபிடித்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை எழுதிய அவருடைய கணக்கில் ஞாயிறு தனியாகத் தெரிந்ததே இல்லை. அவள் திரை இல்லாமல் இது அவருக்குப் புலப்பட்டிருக்காது.

மறுநாள் ஒன்றும் சொல்லாமல் அவள் அறையைக் கடந்துவிடத்தான் நினைத்தார். உள்ளே அவள் ஃபோனில் யாரிடமோ, தகடுகள் பழுது, மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பான காரணம் ஒன்று காதில் விழுந்தபிறகு அவரால் நடக்க முடியவில்லை. உள்ளே போய்ச் சாக்பீஸை எடுத்தார். வயலையும் மடையையும் பலகையில் வரைந்து பைய விளக்கினார்.

அவள் பாதியிலேயே, "அப்போ செலவை ஞாயிறு பகலுக்கு நகர்த்தினா போதுமா சார்?" என்றாள். அவர் அடுத்துச் சொல்ல வைத்திருந்த வாக்கியம் அது.

"கூட்டத்துல நாந்தான் சொல்லுவேன்."

"நீங்களே சொல்லுங்கோ சார். கண்டுபிடிச்சது நீங்கதானே."

விட்டுக்கொடுப்பதிலும் அவளே முந்திக்கொண்டது அவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

கூட்டத்தில் அவர்தான் சொன்னார். காரணம் தெரிந்துவிட்டதால் பொறுப்பு அவளிடமே நின்றது. விடியுமுன் வெளி மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்த விடுதித் தண்ணீர் மோட்டாரை இப்போது ஞாயிறுதோறும் பகல் பத்து மணிக்கு அவளுடைய நிரல் போட்டுவிடுகிறது. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் அப்போதுதான் ஓடுகிறது. திங்கட்கிழமை இட்லிக்கான மாவையும் மூன்று மணிக்குள் அரைத்துவிடுகிறார்கள். செலவு கூடியதும் தகடுகளும் கூடுதலாகத் தருகின்றன.