ஜெயிக்கட்டும் என்று விட்ட பந்தயம்

ஆனந்தபாய்க்கு அக்காளின் முகத்தை ஒரு தரம் பார்த்தால் போதும். கிறிஸ்துமஸ் நெருங்கியும் அந்த வருஷம் அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அக்காள் செல்லபாயும் அவள் புருஷன் பொன்னுதாஸும், 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்த மறுநாள் காணாமல் போனவர்கள். தமிழ் பேசும் தாலுக்காக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்கணும் என்று கொடி பிடித்து முன்னால் நடந்தவன் பொன்னுதாஸ். அவனைத் தேடி வந்த போலீஸ், அவர்கள் ஊரான காரோட்டில் வீட்டு அரிசிப் பானைக்குள்கூட எட்டிப் பார்த்தது. அத்தனை பெரிய ஆள் பானைக்குள் எப்படி இருப்பான் என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதுவரை சகோதரிகள் இருவரும் மரச்சீனிக் கிழங்கை ஓலைக் கடவத்தில் நிறைத்துத் தலையில் ஏற்றி, காரோட்டிலிருந்து நெய்யாற்றின்கரைச் சந்தைக்கு நடந்தார்கள். சும்மா நடப்பார்களா? அத்தனை தூரமும் பந்தயம்தான். வழியில் சுமைதாங்கிக் கல்லில் இறக்கி வைத்தால் தோல்வி. திரும்பிப் பார்த்தாலும் தோல்வி. தலையில் அத்தனை கனம் இருக்கும்போது கழுத்தை மட்டும் திருப்ப முடியாது, ஆளோடுதான் திரும்ப வேண்டும். தோற்றவள் சந்தையில் சும்மாட்டுத் துணியை உதறி ஜெயித்தவளுக்குக் காற்று வீச வேண்டும்.

ஆனந்தபாய் வீசி வீசியே கை ஓய்ந்தவள். ஒரு நாள்கூட ஜெயித்ததில்லை. செல்லபாய் மகாராணி மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, "காத்து காணாது மக்கா, நல்லா வீசு" என்பாள். வயிறு எரியும், சிரிப்பும் வரும். அக்காள் போன பிறகு தனியாக நடக்கும்போது, அந்த வயிற்றெரிச்சலுக்குக்கூட ஆனந்தபாய் ஏங்கிப்போனாள்.

ஒரு நாள் காலை பாறசாலை முக்கைக் கடந்தபோது போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்களைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பாள். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏட்டி, குளத்துத் தாராவு மாதிரி ஆடி ஆடி நடந்தா இண்ணைக்கும் நீதான் வீசணும், கேட்டியா?"

அக்காள்! ஆனந்தபாய்க்கு மேலெல்லாம் சிலிர்த்தது. கண் நிறைந்து ரோடே தெரியவில்லை. திரும்பினாளா? இல்லை. அங்கே கட்டிப்பிடித்து அழுதால் போலீஸ்காரனுக்குச் சந்தேகம் வரும் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள். அதிலும் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை வேறு. பந்தயம் என்று காதில் விழுந்ததுமே கால் தானாக எட்டிப்போட்டுவிட்டது. இன்றைக்கு இவளை ஜெயித்து, சந்தையில் வைத்து முகத்துக்கு முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

"நீ வீசுகதுக்கு ரெடியா இரி!" என்று முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. காலடியும் மூச்சும் கொஞ்ச தூரம் கூடவே வந்தன. உதியன்குளங்கரைக்குப் பிறகு அவை கேட்கவில்லை. ஆனந்தபாய் கவலைப்படவில்லை. அக்காளின் கள்ளத்தனம் அவளுக்குத் தெரியாதா? பின்தங்குவது மாதிரி நடித்து, அமரவிளைப் பாலத்தில் விருட்டென்று முந்துவாள். அதனால் பாலத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள். கழுத்து நரம்பு தெறித்தது. ஆனால் ஒருவரும் முந்தவில்லை.

சந்தையில் கடவத்தை இறக்கினாள். ஜெயித்தாயிற்று. அப்போதுதான் ஆளோடு திரும்பினாள். பின்னால் மீன்காரர்களும் ஒரு மாட்டுவண்டிக்காரனும்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

வருவாள் என்று நின்றாள். வந்தது பக்கத்து வீட்டு சரோஜம். அவள் தலையில் தேங்காய்க் கடவம்.

"நின்னு பாத்துட்டு இருக்காத பிள்ளே. உனக்க அக்கா உதியன்குளங்கரைக் கல்லுல இறக்கி வச்சிட்டா."

"அக்காளா? அவ இறக்க மாட்டா."

"மாசமா இருக்காட்டி. வயிறு முன்னால தள்ளி நிக்கு. கடவத்துல கிழங்கு பேருக்குத்தான் கெடக்கு, போலீசு கண்ணுக்குச் சந்தைக்காரி மாதிரி தெரியணுமே. அம்பாசமுத்திரம் மலையில தேயிலை எஸ்டேட்டுக்கு இண்ணைக்கே ரெண்டு பேரும் போறாவளாம். உன்னைப் பாத்துச் சொல்லிட்டுப் போகவாக்கும் வந்தா."

"நீ ஏன் என்னைக் கூப்பிடல்ல?" ஆனந்தபாய் கத்திவிட்டாள்.

"கூப்பிடட்டாண்ணு கேட்டேன். 'வேண்டாம் அக்கா, ஒரு நாளாவது அவ ஜெயிக்கட்டு'ண்ணு சொன்னா. சிரிச்சுட்டேதான் சொன்னா. ஆனா கண்ணு நெறஞ்சிருந்தது."

கிழங்கு என்ன விலை என்று யாரோ கேட்டார்கள். ஆனந்தபாய் கடவத்தை அப்படியே போட்டுவிட்டு வந்த வழியே ஓடினாள். சுமை இல்லாத உடம்பு பறந்தது. பாலம், வளைவு, ஏற்றம் எல்லாம் போய் உதியன்குளங்கரை வந்தது. கல்லில் ஒருவரும் இல்லை.

எந்தப் பக்கம் போனாள் என்று யாரிடம் கேட்பது? செல்லபாய் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் யார் காதில் விழுமோ. அதனால் நடு ரோட்டில் நின்று, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "அக்கா!" என்று மட்டும் கூப்பிட்டாள்.

ரோட்டோரம் நின்ற பெண்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாக அவளும் பார்த்தாள். அக்காளின் முகம் அதில் இல்லை.