தொப்பியில் பீரங்கி, காலரில் கொம்பு

எனக்கு ஒருவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் அதன் அடிவேரைப் பார்க்காமல் சோறு இறங்காது. ஜெயகுமார் மேல் சந்தேகம் வந்தது, அவர் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே.

தெமோதரைக்காரர். மகன் அஜந்தனுக்குப் பதுளையில் அரசாங்க வேலை என்றார். என் மகள் துஷாந்தினிக்குப் பையனைப் பிடித்துப் போயிருந்தது. எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தவர், சுவரில் இருந்த என் தாத்தா படத்துக்கு முன்னால் போய் நின்றார். நின்றவர் நகரவே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எங்க தாத்தாங்க. வெள்ளக்காரன் பட்டாளத்துல இருந்தவரு. பர்மா சண்டைக்குப் போனவரு" என்றேன்.

"அப்படிங்களா. எங்க தாத்தாவும் பட்டாளந்தாங்க."

அங்கேதான் எனக்கு உறுத்தியது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆறு வரிசை லய வீடுகள் இருக்கின்றன. அதில் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் பட்டாளத்து வீடு என்று பெயர். முப்பது வருஷம் கங்காணியாக இருந்தேன். காலையில் பெரட்டுக் களத்தில் ஆளுக்கு வேலை பிரிக்கும்போது யாராவது முறைத்தால், தாத்தாவைச் சொல்லித்தான் அடக்குவேன். அந்தப் பேருக்கு ஒருவர் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பங்கு கேட்டால் விடுவேனா?

"எந்த ரெஜிமென்ட்டுங்க?"

"அதெல்லாம் தெரியாதுங்க. படம் மட்டும் இருக்கு."

தாத்தாவைப் பற்றிப் பொய் சொல்கிறவர் மகனின் வேலையைப் பற்றியும் சொல்லுவார். அடுத்த வாரமே தெமோதரைக்குப் போனேன். இரண்டு படத்துக்கும் ஒரே மாதிரி பிரேம் போட்டுக் கல்யாணத்தன்று மாட்டலாம் என்று கதைவிட்டு, அந்தப் படத்தைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் சுவரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவ்வளவு சுலபமாகக் கொடுத்ததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

துஷாந்தினிக்கு என்னைத் தெரியும். இரண்டு படத்தையும் நான் பையில் வைப்பதைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள்.

"செத்துப்போன மனுசன் போட்ட கோட்டப் பாத்தா என் கல்யாணத்த முடிவு பண்ணப் போறீங்கப்பா?"

"பொய் சொல்ற வீட்டுல பொண்ணு குடுக்க மாட்டேன். பொய்யின்னு தெரிஞ்சா இந்தச் சம்பந்தம் அன்னைக்கோட சரி."

அவள் கண் கலங்கியது. பார்த்தும் பார்க்காத மாதிரி கிளம்பிவிட்டேன்.

பதுளை பஜாரில் ஷுக்ரி நானா ஸ்டூடியோ வைத்திருக்கிறார். எழுபது வயது தாண்டியவர். பழைய படங்களைச் சரிசெய்து கொடுப்பவர். பட்டாளத்துப் பட்டன், சின்னம் என்று எதைக் கேட்டாலும் புட்டுப்புட்டு வைப்பார். ஜெயகுமார் கொடுத்த படத்தை அவர் முன்னால் வைத்தேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"தொப்பியில பீரங்கி. அப்ப இது ஆர்ட்டிலரி. ஆனா காலர்ல ஊதுற கொம்பு இருக்கு. அது காலாட்படைச் சின்னம். ஒரு ஆள் ரெண்டு படையில நிக்க ஏலாதே."

என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அப்ப பொய்யா நானா?"

"கோட்டு தோள்ல தொங்குது பாருங்க. இவருக்குத் தச்சதில்ல. இடது பாக்கெட்டு மூடியில பீடி சுட்ட ஓட்டை வேற. இவர் எந்தப் படையிலயும் இருந்திருக்க மாட்டார்."

"நெசமான பட்டாளக்காரன் எப்படி இருப்பான்னு இதப் பாருங்க" என்று பையிலிருந்து என் தாத்தாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

நானா பார்த்தார். பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

தொப்பியில் பீரங்கி. காலரில் கொம்பு. இடது பாக்கெட் மூடியில் அதே ஓட்டை. அறுபது வருஷமாகத் தினமும் பார்த்த படம். மீசையைப் பார்த்திருக்கிறேன், கோட்டைப் பார்த்ததே இல்லை.

"இது எங்கட கடைக் கோட்டு" என்றார் நானா. "தியத்தலாவை பட்டாளத்து கேம்ப்ல கழிச்சுப்போட்ட சாமான், வாப்பா வாங்கி வெச்சிருந்தார். தோட்டத்து ஆக்கள் இந்தியாவுல சொந்தக்காரருக்குப் படம் அனுப்ப வருவாங்க. கம்பளியப் போத்திட்டு நின்னா நல்லா இருக்காதுன்னு இதப் போட்டுவிடுவார்."

"அப்ப பர்மா?"

"பர்மா எங்கட கடையில குடுத்ததில்ல."

குடுத்தது நான்தான். தாத்தா ஒருநாளும் பர்மா என்று சொன்னதில்லை. அப்பாவும் சொன்னதில்லை. பெரட்டில் யாரையோ அடக்க ஒருநாள் நானே சேர்த்தது. சொல்லிச் சொல்லி நானே நம்பிவிட்டேன். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

தெமோதரை பஸ்ஸில் இன்னொரு கெட்ட யோசனையும் வந்தது. அவருடையது பொய் என்று மட்டும் சொல்லிவிட்டால் பட்டாளத்து வீடு தப்பித்துவிடும். ஆனால் துஷாந்தினியின் கலங்கிய கண்தான் வழி முழுக்க முன்னால் நின்றது.

ஜெயகுமார் படத்தை வாங்கிப் பார்த்தார். பழைய பிரேம்தான் இருந்தது. நான் எதற்கு வாங்கிப் போனேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்ன ரெஜிமென்ட்டுன்னு சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்ணுதாங்க" என்றேன். "ஒரே கோட்டுங்க. ஸ்டூடியோ கோட்டு."

"தெரியுங்க. ஓட்டைய அன்னைக்கே பாத்துட்டேன்."

"அப்பறம் ஏங்க ஒண்ணும் சொல்லல?"

"நீங்க பர்மா வரைக்கும் போயிட்டீங்க. பொண்ணு முன்னாடி உங்கள நடுவுல எறக்கிவிட மனசு வரலிங்க. அதான் நானும் கூட ஏறிக்கிட்டேன்."

நான் தலை நிமிரவில்லை. பொய் சொல்கிற வீட்டில் பெண் கொடுக்க மாட்டேன் என்று குதித்தவன் நான். பொய் சொல்கிற வீடு என்று தெரிந்தே பெண் எடுக்க வந்தவர் அவர்.

"தேதிய எப்ப வைக்கலாங்க சம்மந்தி?" என்றார் ஜெயகுமார்.