காதுக்குப் பின்னால் ஒரு துளை

தம்பி லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இடது காதில் சீழ் வடியும்; அந்தக் காது கேட்கவும் கேட்காது. பஞ்சு வைக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டான். காதெலும்பைத் துளைத்து ஆபரேஷன் செய்யலாம் என்று பேச்செடுத்தால், "டிரில் பிடிக்கறவன் நான். அதை என் மண்டையிலயே வைக்க விடுவேனா?" என்று சிரித்து நழுவிவிடுவான்.

அவன் அக்காவுக்கு எலும்புகளோடு வேலை. பழங்கால இடுகாடு ஒன்றில் தோண்டியெடுத்த எலும்புக்கூடுகளைச் சுத்தம் செய்து, அந்த மனிதர்களுக்கு என்னென்ன நோய் இருந்தது என்று பார்ப்பவள்.

அன்று நல்ல மழை. அவளை அழைத்துப்போக வந்தவன், ஆய்வுக்கூட மேசையில் இருந்த மண்டையோட்டைப் பார்த்து நின்றுவிட்டான். காதுக்குப் பின்னால் பட்டாணி அளவில் ஓர் ஓட்டை.

"யாராவது குத்திட்டாங்களாக்கா?"

"இல்லடா. காதுல வந்த சீழ்தான். எலும்பை அரிச்சுக்கிட்டு வெளியே வந்திருக்கு."

அவன் கை தானாகத் தன் காதுப் பக்கம் போயிற்று.

"அதுலயே போய்ட்டாங்களா?"

அக்கா பக்கத்துத் தட்டில் இருந்த இன்னொரு மண்டையோட்டைக் காட்டினாள். "இவர் போய்ட்டார். ஓட்டையோட ஓரம் கரடுமுரடா இருக்கு பார், ஆறவே இல்ல. நீ முதல்ல பார்த்த இந்தம்மாவுக்கு வழவழன்னு ஆறியிருக்கு. அப்புறம் பல வருஷம் இருந்து, கிழவியாகித்தான் போயிருக்காங்க."

"மருந்து மாத்திரை இல்லாமயா?"

"அவங்க அதிர்ஷ்டம். உனக்கு எதுக்குடா அதிர்ஷ்டம்? டாக்டர் இருக்காங்களே."

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "ஆஸ்பத்திரில நாள் கேளு. நான் மனசு மாறறதுக்குள்ள கேளு" என்றான்.

ஆபரேஷன் அன்று கலங்கிப்போனது அக்காதான். எத்தனையோ மண்டையோடுகளைக் கையாண்டவள், தம்பியை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியதும் அந்தக் கதவு முன்னாலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். தம்பி மனைவிதான் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"சீழ் மூளைப் பக்கம் போக நூலிழைதான் பாக்கி. எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சு" என்றார் டாக்டர்.

கட்டுப் பிரித்த பிறகு சீழ் நின்றது. காது முழுதாகக் கேட்காவிட்டாலும், கொஞ்சம் கேட்க ஆரம்பித்தது. அக்கா பார்க்க வந்திருந்த ஒரு காலையில், அவன் இடது பக்கம் நின்றிருந்த மனைவி ஏதோ முணுமுணுத்தாள். அவன் சட்டென்று திரும்பினான்.

"யாரைச் சோம்பேறிங்கற?"

"ஐயோ, கேட்டுடுச்சா?"

"அப்ப இத்தனை வருஷமும் இந்தப் பக்கம் நின்னுதான் திட்டிட்டிருந்தியா?"

அவள் சிரித்தாள், கண்ணும் நிறைந்தது. பிறகு அதே காதருகே குனிந்து இன்னும் மெதுவாக ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளோ, அவன் முகமெல்லாம் சிவந்துவிட்டது.