கடைசித் துளைக்கு முந்தைய துளை

1

உலகில் இதுவரை எழுதப்பட்ட, இனி எழுதப்படப்போகிற எல்லாத் துயரக் கதைகளையும் ஒரே சூத்திரத்தில் அடக்கிவிட்டேன்: எடை பெருக்கல் தூரம். இரண்டு பக்கமும் சமமானால் கதை முடிந்தது. கண்ணீருக்குத் தனி இடம் கிடையாது. இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன் என்ற முறையில் முழுப் பொறுப்புடன் அறிவிக்கிறேன்.

(இந்தக் கதை பிறந்தது அம்மாவின் கட்டிலருகே. அதை மூன்றாம் பக்கம்வரை மறைத்துவைக்கத் திட்டமிட்டிருந்தேன்.)

2

அம்மா எழுந்து நடந்த கடைசி நாளன்று [வேண்டாம், இது வேறு கதை.]

அம்மாவால் எழ முடியாது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற, வெல்டரான அப்பா ஒரு நெம்புகோல் செய்தார். தாங்கியின்மேல் நீளக் குழாய். ஒரு முனையில் அம்மா படுக்கும் கான்வாஸ் தூளி, மறுமுனையில் மணல் மூட்டை. குழாயின் நடுவே வரிசையாகத் துளைகள். சமன்படும் துளையில் போல்ட்டைச் செருகித் தாங்கியில் மாட்டினால், மணல் முனையை ஒரு விரலால் அழுத்தியே அம்மாவைத் தூக்கலாம். அவள் இளைக்க இளைக்க போல்ட் மணல் பக்கமாக, அடுத்தடுத்த துளைக்கு நகரும்.

அம்மா இதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கல்யாணத்தப்போ இந்த இடுப்புக்குத்தான் ஏங்கினேன். கடைசி ஓட்டைக்கு வந்துட்டா மட்டும் மறைக்காம சொல்லிடுங்க. பெரியவனை வரச் சொல்லிடலாம்."

3

கடைசிக்கு முந்தைய துளையில் போல்ட் நின்றுவிட்டது. அம்மா இளைப்பது நிற்கவில்லை. அப்பா தூளியின் அடிமடிப்பில் இரும்புத் துண்டுகளைச் செருகிக்கொண்டிருந்தார்.

"நெம்புகோலுக்கே பொய் சொல்ற முதல் ஆள் நீங்கதாம்ப்பா."

"வாயை மூடுறா, விஞ்ஞானி."

[இங்கே அப்பா அழுவதாக எழுதியிருந்தேன். அவர் அழவில்லை. இன்னும் கொஞ்சம் கனமான துண்டாகத் தேடிக்கொண்டிருந்தார்.]

4

இன்று அப்பா மருந்து வாங்கப் போயிருந்தார். அம்மா நாற்காலியில் உட்கார வேண்டும் என்றாள். நான் மணல் முனையைத் தொடுவதற்குள் அவள் தானாகவே மேலே எழும்பினாள். செருகிய இரும்பு போதவில்லை. போல்ட்டைக் கழற்றி அடுத்த துளையில்...

"எந்த ஓட்டைடா?"

அவள் தலைக்குப் பின்னால் போய், அவள் பக்கத்துக் குழாயை உள்ளங்கையால் கீழே அழுத்தினேன்.

எழுதிப்பார்த்த முதல் முடிவில் உண்மையைச் சொல்கிறேன், அண்ணன் வருகிறான். இரண்டாவதில், "அப்பான்னா இரும்பு, நீ கையா?" என்று அம்மா சிரிக்கிறாள். அழகாக வந்திருந்தது. அதனாலேயே அந்த முடிவையும் அடித்துவிட்டேன்.

"அதே ஓட்டைதாம்மா. கனமாத்தான் இருக்க."

மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னால் இப்போது குழாயிலிருந்து கையை எடுக்க முடியாது.