நடப்பு வயது

மகன் யூட்டின் கட்டிலில் இவர் தக்காளிக்காய்களைப் பரப்பி வைத்திருந்தார். சனிக்கிழமை காலை தலையணை உறை மாற்றப் போனவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். மெத்தைக்கு மேல் டெனிஷ் பேப்பர், அதற்கு மேல் வரிசை வரிசையாகக் காய்கள். முழுப் பச்சை ஒரு பக்கம், மஞ்சள் ஓடியது ஒரு பக்கம், கன்னம் சிவந்தது தலைமாட்டில். செப்டெம்பர் நடுப்பகுதியில் குளிர் இறங்கத் தொடங்கிவிடும், தோட்டத்துக் கண்ணாடிக் கூட்டுக்குள் மிஞ்சிய காய்கள் இனிப் பழுக்காது, வீட்டுச் சூட்டில் வைத்தால் ஒவ்வொன்றாகப் பழுக்கும். இதெல்லாம் எனக்கும் தெரியும். அதற்காக இந்த வீட்டில் வேறு இடமே இல்லையா? அந்தக் கட்டிலில் இதுவரை ஒருவரும் படுத்ததில்லை. அதை வாங்கிப் போட்டு மூன்று வருடம். நான் வந்த நாளிலிருந்து சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை உறை மாற்றுகிறேன். இவர் அதில் தக்காளிக்காய் அடுக்குகிறார்.

என் கணவர் அல்பேட் எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம் டென்மார்க் வந்தவர். யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், இங்கே ஆஸ்பத்திரித் துணிகள் துவைக்கிற தொழிற்சாலையில் வேலை. குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் குடும்பம் இருக்கத்தக்க வீடு வேண்டும் என்று யாரோ சொல்ல, ஹ்விடோவ்ரே என்ற ஊரில் இந்தப் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்தார். எண்பத்தேழு செப்டெம்பரில் எனக்கும், மகன் யூட்டுக்கும், மகள் சுபாஜினிக்கும் விண்ணப்பம் போட்டார். ஆறு மாதத்தில் வந்துவிடலாம் என்று எழுதினார். ஆறு மாதம் போய், ஒரு வருடம் போய், அதற்கு மேலும் போயிற்று. தமிழ் ஆட்களின் விண்ணப்பங்களைத் தொடாமல் வைத்திருக்கும்படி மேலிடத்திலிருந்தே சொல்லியிருந்த கதை பிறகுதான் வெளியே வந்தது. எண்பத்தொன்பது சித்திரையில் பதில் வந்தது. எனக்கும் மகளுக்கும் சம்மதம். யூட்டுக்குப் பதினெட்டு கடந்துவிட்டதால் இல்லை.

யூட்டுக்கு அப்போது பதினேழு. பெற்றவளுக்குத் தெரியாதா? எழுபத்தொன்றாம் ஆண்டு ஆவணி இருபத்தெட்டில் பெற்ற பிள்ளை. கொழும்பில் ஒரு லொட்ஜில் அவனை விட்டுவிட்டு, சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு பிளேன் ஏறி வந்தேன். வந்த நாளிலிருந்து விசா கொடுக்கிற அந்த அலுவலகத்தைத் திட்டாத நாளில்லை. ஒரு பிள்ளையின் வயதைக் கணக்குப் பார்க்கத் தெரியாதவர்களெல்லாம் என்ன உத்தியோகம் பார்க்கிறார்கள் என்று கேட்பேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவார். மனுசன் என்னைப் போலவே உள்ளுக்குள் எரிகிறார் என்று நினைத்தேன்.

அந்தத் தோட்டம் அந்தத் தொண்ணூறாம் வருடம் போல ஒருநாளும் காய்த்ததில்லை. பின்வாசலைத் திறந்தால் கண்ணுக்குள் வந்து குத்தும். ஆள் உயரத்துக்கு மேலே ஏறிய போஞ்சிக் கொடி, பிடுங்கப் பிடுங்கத் தொங்கியது. பூசணி வேலியோரம் முழுக்கப் படர்ந்து, பக்கத்து வீட்டுக்காரரின் பக்கமும் இரண்டு காய் விட்டிருந்தது. டேலியாப் பூக்கள் சாப்பாட்டுக் கோப்பை அளவில், தண்டு தாங்காமல் சாய்ந்து நின்றன. கண்ணாடிக் கூட்டுக்குள் மிளகாயும் கத்தரியும், வெளியே கோவாவும் பீற்றூட்டும், முன்பே நின்ற அப்பிள் மரத்தின் கீழ் விழுந்து கிடந்த பழங்களும், அவற்றை மொய்த்த குளவிகளும். பக்கத்து ஊரான புரொண்பியில் உள்ள தமிழ் வீடுகளுக்கெல்லாம் பை பையாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். அல்பேட் அண்ணைக்கு நல்ல கைராசி என்று சனம் சொல்லும். எனக்குக் கேட்கப் பற்றி எரியும். கொழும்பில் பிள்ளை கடைச் சாப்பாட்டுப் பார்சலை இரண்டு நேரத்துக்குப் பிரித்துச் சாப்பிடுகிறான். ஆனியில் திரும்பச் சண்டை தொடங்கியதிலிருந்து பொலிசும் ஆமியும் லொட்ஜுகளைச் சுற்றிவளைத்துப் பெடியங்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தன் அறையில் இருந்த இரண்டு பேர் போன கிழமை பிடிபட்டுப் போனவர்கள், இன்னும் வரவில்லை என்று எழுதியிருந்தான். இங்கே போஞ்சி முற்றுகிறது.

அன்று பத்து மணிக்குக் கிர்ஸ்டன் வருவதாக இருந்தது. தெருவின் முடிவில் இருக்கிறவள், தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றவள், எங்களுக்குக் கடிதம் எழுதித் தருவது அவள்தான். விண்ணப்பங்களை முடக்கி வைத்த விடயத்தை ஒரு நீதிபதி விசாரிக்கத் தொடங்கியதும், பேப்பரில் ஒவ்வொரு நாளும் எழுதத் தொடங்கியதும், இப்போது திரும்பக் கேட்டால் கேட்பார்கள் என்று அவளாகவே சொல்லி, எங்கள் விண்ணப்பக் கோவையின் பிரதியைக் கேட்டு எழுதியிருந்தாள். இவர் அதெல்லாம் வேண்டாம் என்றுதான் நின்றார். கிளறினால் உள்ளதும் போய்விடும் என்றார். நான்தான் விடவில்லை.

நல்ல வெயில். தோட்டத்து மேசையில் இருந்தோம். கிர்ஸ்டன் வந்தவுடன் டேலியாவைப் பார்த்துக் கையைத் தட்டினாள், தக்காளி ஒன்றைப் பிடுங்கி ஜம்பரில் துடைத்துக் கடித்தாள், இந்தத் தெருவில் இப்படியொரு தோட்டம் இல்லை என்றாள். இவர் சிரித்தார். பிறகு அவள் பையிலிருந்து கடதாசிக் கட்டை எடுத்து வைத்தாள். தபால் முதல்நாள்தான் வந்ததாம், தானும் முழுக்கப் பார்க்கவில்லையாம். அவள் வாசிக்க, சுபாஜினி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். பதினொரு வயதுப் பிள்ளை, ஒன்றேகால் வருடத்தில் டெனிஷ் தண்ணீர் மாதிரி. எனக்கே சில வேளை டெனிஷில்தான் பதில் சொல்வாள்.

முதல் தாள் எண்பத்தாறு பங்குனி மாதம் பொலிசில் இவர் கொடுத்த வாக்குமூலம். பெயர், ஊர், வேலை. கடைசியில் பிள்ளைகள்.

"அம்மா, இதிலை அண்ணாக்குப் பதினைஞ்சு வயசெண்டு அப்பா சொன்னதாக் கிடக்கு," என்றாள் சுபாஜினி.

எண்பத்தாறு பங்குனியில் யூட்டுக்குப் பதினாலு முடிந்து பதினைந்து நடந்தது. ஊரில் யாரும் பிள்ளையின் வயதைக் கேட்டால் நடக்கிற வயதைத்தான் சொல்வோம். பள்ளிக்கூடத்தில், கோயிலில், சாத்திரியிடம், எங்கேயும் அப்படித்தான். இவரும் வாய்ப்பழக்கத்தில் சொல்லியிருக்கிறார். பிறந்த நாளும் மாதமும் சரியாகச் சொல்லியிருக்கிறார், அவர்கள் பதினைந்து முடிந்துவிட்டதாக எடுத்து, போன ஆவணியிலிருந்து பின்னுக்கு எண்ணி ஆண்டை எழுதியிருக்கிறார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபது. நான் இவரைப் பார்த்தேன். இவர் பூசணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் எனக்குப் பெரிய கோபமில்லை. வந்து இறங்கின கையோடு, பொலிசுக்கு முன்னால், பயந்துபோய் இருந்த மனுசனுக்கு வாய் தவறியிருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அதை அதோடு விட்டிருப்பேன்.

கிர்ஸ்டன் அடுத்த தாளைத் திருப்பினாள். அது விண்ணப்பப் படிவம். அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. இலக்கத்துக்கு மொழியில்லை. யூட்டின் பெயருக்கு நேரே 28.08.1970. இவரின் கையெழுத்து. கச்சேரிக் கிளாக்கரின் அச்சுப் போன்ற எழுத்து, ஏழின் நடுவில் குறுக்குக் கோடு. இருபது வருடமாக நான் பார்க்கிற ஏழு.

"போர்ம் நிரப்பேக்கை உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

இவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். நான் திரும்பவும் கேட்டேன்.

"தெரியும். நடப்பு வயசைச் சொன்னது பிழையெண்டு அப்பதான் விளங்கினது."

"விளங்கியும் எழுதினனீங்கள்."

"மாத்தி எழுதினா முதல் சொன்னது பொய்யெண்டு எல்லாத்தையும் தள்ளிப்போடுவாங்கள் எண்டு பயந்தன். ஆறு மாசத்திலை முடிவு வரும் எண்டுதான் எல்லாரும் சொன்னவை. பிழையான கணக்கிலை பாத்தாலும் அவனுக்கு அப்ப பதினேழுதானே, வந்திடுவான் எண்டு நினைச்சன். அவங்கள் மேசை லாச்சிக்குள்ளை போட்டு வைப்பாங்கள் எண்டு ஆர் கண்டது, மலர்?"

எல்லாம் விளங்கியது. வயதை ஒரு வருடம் கூட்டி எழுதிவிட்டு, அவர்கள் நேரத்துக்கு வேலை செய்வார்கள் என்று நம்பிப் பிள்ளையை வைத்துப் பந்தயம் கட்டியிருக்கிறார். அவர்கள் நேரத்துக்கு வேலை செய்திருந்தால் எனக்கு இது ஒருநாளும் தெரிந்திருக்காது. யூட் உள்ளே தன் கட்டிலில் நித்திரை கொண்டிருப்பான். அந்த அலுவலகத்தின் மேலிருந்த கோபம் எனக்கு ஒரு துளி குறையவில்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்குப் பக்கத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது. ஒன்றேகால் வருடம், நான் அவர்களைத் திட்டத் திட்ட, இந்த மனுசன் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். வயதை அவர்கள் பிழையாகப் பதிந்துவிட்டதாக அவர்களுக்கு ஒரு வரி எழுதச் சொல்லி நான் எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன். போஞ்சிக்குப் பந்தல் கட்ட வேண்டும் என்று எழும்பிப் போய்விடுவார்.

நான் எழும்பிப் போய்ப் பூசணியின் அடியில் குத்தியிருந்த குச்சியைப் பிடுங்கி வந்து மேசையில் போட்டேன். ஒவ்வொரு செடிக்கும் ஒரு ஐஸ்பழக் குச்சி வைத்திருந்தார். தொழிற்சாலைப் பேனையால், மழைக்கு அழியாதபடி, அதே அச்சு எழுத்தில் நட்ட நாள், முளைத்த நாள், பூத்த நாள்.

"வாசியுங்கோ," என்றேன்.

"மலர், அந்த மனுசி இருக்குது."

"இருக்கட்டும். வாசியுங்கோ."

"பூசணி," என்றார் மெதுவாக. "வைகாசி பன்ரெண்டு நட்டது. இருபத்தொண்டு முளை."

"இதுக்கு ஏன் நடப்பு வயசு எழுதேல்லை?"

கிர்ஸ்டன் கோப்பையை வைத்துவிட்டாள். என்ன நடக்கிறது என்று சுபாஜினியிடம் கேட்டாள். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது, தகப்பன் முகத்தைப் பார்த்தது. இவர் முந்திக்கொண்டு டெனிஷில் ஒன்றுமில்லை என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். ஊரில் என்றால் நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போயிருப்பேன். வெளி ஆட்களுக்கு முன்னால் புருசனை விட்டுக்கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அன்றைக்கு நான் உள்ளே போகவில்லை. படிவத்தில் இருந்த எழுபதின் மேல் விரலை வைத்து இல்லை என்றேன். கிர்ஸ்டனின் பேனையை எடுத்து ஓரத்தில் 1971 என்று எழுதினேன். பிறகு அந்த விரலாலேயே இவரைக் காட்டினேன். எனக்குத் தெரிந்த டெனிஷ் அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது.

கிர்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு நிதானமாகச் சொல்ல, சுபாஜினி சொல்லிக்கொண்டு வந்தாள். இப்போது பத்தொன்பது ஆனாலும், பதில் வந்த நாளில் யூட்டுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்று காட்ட அவனுடைய ஞானஸ்நான அத்தாட்சி வேண்டும். இவர் தன் கையால், எப்படிப் பிழை நடந்தது என்று உள்ளபடி எழுதித் தர வேண்டும், தமிழில் எழுதினாலும் மொழிபெயர்ப்பித்துக்கொள்ளலாம். இதனால் பலன் வரும் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது. தெரிந்துகொண்டே ஏன் எழுதினாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்கவும் கூடும்.

"கேட்டியே," என்றார் இவர் என்னிடம். "எங்கடை விசாவிலையும் கை வைப்பாங்கள். இந்தப் பிள்ளையையும் யோசி."

"எங்களைத் திருப்பி அனுப்பினா நான் அவனோடை போய் இருப்பன். எழுதுங்கோ."

நாளைக்குப் பூசைக்குப் போய்வந்து யோசித்து எழுதுகிறேன் என்றார். நான் தாளை அவர் முன்னால் தள்ளினேன். பேனையைக் கையில் எடுத்தார். குளவி ஒன்று கடிபட்ட தக்காளியில் வந்து உட்கார்ந்தது. எழுதத் தொடங்கியபோது கண்ணீர் தாளில் விழுந்து மை கலைந்தது. வேறு தாள் எடுத்துக் கொடுத்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை.

கிர்ஸ்டன் தாளை வாங்கிக்கொண்டு போனாள். அவள் கேட்காமலே இவர் பையில் போஞ்சி போட்டுக் கொடுக்கப் பார்த்தார், அவள் இன்றைக்கு வேண்டாம் என்றுவிட்டாள்.

அத்தாட்சி யூட்டிடம்தான் இருந்தது. பாஸ்போட்டோடு சேர்த்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறான். அதை அனுப்பச் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். அவனும் இதுவரை அலுவலகத்தின் பிழை என்றுதான் நம்பியிருக்கிறான். அப்பா, அவங்களுக்கு என் வயதைச் சரியாகச் சொல்லுங்கோ என்று ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் எழுதுவான். இங்கே இரண்டு மணியென்றால் கொழும்பில் பின்னேரம் ஐந்தரை. லொட்ஜுக்குள் எல்லாரும் வந்துவிடுகிற நேரம். நான் டெலிபோனைச் சுழற்றினேன். நாலாம் தரம் லைன் கிடைத்தது. மனேச்சர் எடுத்தார். மூன்றாம் மாடி யூட் என்றேன். நில்லுங்கோ அக்கா, நிக்கிறானோ தெரியேல்லை, பாக்கிறன் என்று ரிசீவரை வைத்துவிட்டுப் போனார். யூட், யூட் என்று கூப்பிடுகிற சத்தம் படியேறி மேலே போய்க் கேட்காமல் போயிற்று.

நான் ரிசீவரை இவர் கையில் கொடுத்தேன்.

"நான் என்னண்டு சொல்லுறது?" என்றார்.

நகக்கண்ணெல்லாம் தோட்டத்து மண்ணாக இருந்த இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன நேரத்துக்கு ஒன்றும் கேட்கவில்லை. சுபாஜினி வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தூரத்தில், ரப்பர் செருப்புச் சத்தம் படியிறங்கி ஓடி வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இவர் ரிசீவரை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டியபடி இருந்த ரிசீவருக்குள்ளிருந்து, சின்னதாக, மூச்சிரைக்க, பிள்ளையின் குரல் வந்தது.

"கலோ? அப்பாவோ? அம்மாவோ? ஆர் கதைக்கிறியள்?"